வீடு தேவையில்லை

அத்தியாயம் ஒன்பது

"கொழும்புல வீடுகளுக்குக் கிணறு இரிக்கா?"

"கிணறு என்னத்துக்கு? பைப்பத் திறந்தாத் தண்ணி வரும்."

"குசினி?"

"குசினி இல்லாம வீடா? இரிக்கி. சின்னதா இரிக்கும்."

"சின்னதெண்டா? ஒராள் நிண்டு சமைக்கலாமா?"

"ஒராள் நிக்கலாம். ரெண்டாவது ஆள் உள்ள வந்தா முதலாவது ஆள் வெளிய வரணும்."

அதைக் கேட்டு றாஹிலா சிரித்தாள். கலியாணம் முடிந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. சீனிமுகம்மது காக்கிச் சட்டையின் தெறிகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தான். அவள் சோற்றுப் பொட்டலத்தை வாழை நாரினால் கட்டிக்கொண்டிருந்தாள். கொழும்புக்குப் பக்கத்தில், ரத்மலானை விமானத் திடலில், மூன்று மாதம் பயிற்சிக்குப் போய்வந்தவன் அவன். கொழும்பைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வதற்கு அவனுக்குப் பிடிக்கும். புது மனைவி கேட்டால் இன்னும் பிடிக்கும்.

"உங்களுக்கிட்ட ஒண்டு கேக்கணும்" என்றாள், கட்டிய முடிச்சை மறுபடியும் அவிழ்த்துக்கொண்டே.

"கேளு புள்ள."

சந்தியில் கம்பனி லொறி ஹோர்ன் அடித்தது. குசினிக்குள்ளிருந்து அவளுடைய உம்மா கூப்பிட்டாள்.

"இப்ப வேணாம். பொறகு கேக்கன்."

அது நடந்து நாலு வருஷம். அவள் கேட்கவில்லை. அவனும் என்னவென்று விசாரிக்கவில்லை. கிணறு, பைப்பு, குசினி என்று சிறுபிள்ளைபோல் கேட்டாளே என்பதுதான் அவன் மனதில் தங்கியிருந்தது.

இன்றைக்கு வியாழக்கிழமை காலையில் அதே லொறி அதே சந்தியில் ஹோர்ன் அடித்தபோது அவனுக்கு ஏனோ அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. இன்றும் அவள் பொட்டலம்தான் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். சிரிப்பில்லை.

"என்ன, பொட்டலத்த விலங்கு போட்டுக் கட்டுறாய்" என்றான்.

"எப்பிடிக் கட்டினாத்தான் என்ன, நீங்க அவிழ்க்கிறதில்லயே. நேத்து கட்டினபடியே திரும்பி வந்திச்சி."

அவன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். அந்தக் கடிதம் வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்குவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கடிதம் பதினைந்து நாளைக்கு முந்தி வந்தது. அம்பாறை விமானத் திடலில் வேலை பார்க்கும் பதின்மூன்று பேருக்கும் சேர்த்துக் கம்பனி அனுப்பியது. விமானக் கம்பனியில் வேலை என்றால் வெள்ளைச் சட்டையும் பொன்னிறத் தெறியும் என்று கல்முனையில் இன்னமும் பலர் நம்புகிறார்கள். சீனிமுகம்மதுவின் வேலை, பீப்பாவிலிருந்து பெற்றோலைக் கைப்பம்பினால் அடித்து, தண்ணீர்ச் சொட்டு கலக்காமல் மெல்லிய தோலில் வடித்து, டக்கோட்டா விமானத்தின் சிறகுக்குள் ஊற்றுவது. மற்றவர்கள் மூட்டை ஏற்றுவார்கள், ஏணி தள்ளுவார்கள், ஓடுபாதையில் படுத்திருக்கும் மாடுகளைத் துரத்துவார்கள். கிழமைக்கு மூன்று முறை விமானம் வரும். அந்த மூன்று முறைக்காகத்தான் பதின்மூன்று குடும்பத்தில் அடுப்பு எரிந்தது.

கடிதம் கேட்டது இரண்டு விட்டுக்கொடுப்பு. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும். பதின்மூன்று பேரில் ஐந்து பேர் ரத்மலானைக்கு மாறிப் போகவேண்டும். ஐந்து பேருடைய பெயரும் கீழே இருந்தது. முதலாவது சாமித்தம்பி. இரண்டாவது சீனிமுகம்மது. இதற்கு அவர்களுடைய தொழிற்சங்கம் சம்மதிக்காவிட்டால் மாத முடிவோடு அம்பாறைக்கு விமானம் நிற்கும். சம்மதமா இல்லையா என்று இன்றைக்கு ஆறு மணிக்குள் தந்தி அடிக்கவேண்டும்.

ரத்மலானையிலிருக்கும் தலைமைச் சங்கம், "உங்கள் திடலை நீங்களே தீர்மானியுங்கள்" என்று எழுதி ஒதுங்கிக்கொண்டது.

வேலிப் படலையடியில் மாமா, றாஹிலாவின் வாப்பா, நின்றார். கச்சிமுகம்மது மரைக்காயருக்கு அறுபது வயது. சம்மாந்துறை வட்டையில் அவருக்கு வயல் இருக்கிறது. பள்ளிவாசல் விஷயத்தில் அவருடைய சொல்லுக்கு மதிப்பிருக்கிறது. ஒரு கையால் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மருமகன், இண்டைக்குத்தானே கை தூக்கிற நாள்?"

"சீட்டுப் போடுற நாள் மாமா."

"என்னவோ ஒண்டு. இல்லயெண்டு போடுங்க. நான் பள்ளியில சொல்லிப்போட்டன்."

சீனிமுகம்மது படலையடியிலேயே நின்றுவிட்டான். "என்னெண்டு சொன்னீங்க?"

"என்ட மருமகன் கொழும்புக்குப் போறவரில்ல எண்டு. மகளுக்கு வீடு கட்டிக் குடுத்து மாப்பிள்ள எடுத்தது, அவள் வாசலப் பாத்துக்கொண்டு குந்தியிருக்கவா?"

"போகாட்டி வேலையே இல்லாமப் போகும் மாமா. எனக்கு மட்டுமில்ல."

"போனாப் போகட்டும். வட்டையில வேலை கிடக்கு. ரெண்டு சோடி எருமை நிக்கிது. எருமைக்குச் சங்கமில்ல, தந்தியுமில்ல."

அவர் சொன்னதில் பகிடி இருந்தது. படலையைப் பிடித்த பிடியில் பகிடி இல்லை. மருமகன் ஏதாவது சொல்லட்டும் என்று காத்துக்கொண்டேயிருந்தார்.

"லொறி நிக்கிது மாமா" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே வந்தான்.

திரும்பிப் பார்த்தபோது றாஹிலா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். அவள் வாப்பாவையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. சந்தியில் நின்ற லொறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

பத்து மணிக்கு வந்த விமானம் பதினொன்றரைக்குக் கிளம்பிப் போயிற்று. மேற்கே மலைப்பக்கம் திரும்பி, கண்ணில் படாமல் போகும்வரை பதின்மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வழக்கமாக யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

சாமான் கொட்டிலுக்குள் கூட்டம் கூடியது. பெற்றோல் பீப்பாவில் சிலர், மூட்டைகளில் சிலர், பிரயாணிகளை நிறுக்கும் தராசில் ஒருவர் என்று இடம் பிடித்தார்கள். கிளாக்கர் செபரட்ணம் சங்கத்தின் தலைவர். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கடிதத்தை மறுபடி வாசித்தார். இங்கிலீசில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி.

"எல்லாருக்கும் விளங்கிச்சோ?" என்றார்.

"பதினைஞ்சு நாளா விளங்கிக்கொண்டுதான் இருக்கு ஐயா" என்றான் சாமித்தம்பி. "இனி விளங்காம இருந்தாத்தான் நல்லம்."

சிலர் சிரித்தார்கள். மூட்டை ஏற்றும் உதுமாங்கண்டு சிரிக்கவில்லை. அவர்தான் அங்கே வயதில் மூத்தவர், பலருக்கும் அண்ணன் முறையில் காக்கா.

"நான் ஒண்டு சொல்லுறன். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு குத்தக்குள்ள ஒரு நாள்தான் நோகும். பொறகு அது பழகிரும். இண்டைக்கு அஞ்சு பேரக் குடுத்தம் எண்டா வாற வருஷம் மத்த எட்டுப் பேரையும் கேப்பான். குடுக்கப் பழகின கையிட்டத்தான் கேப்பான்."

"குடுக்காட்டி வாற மாசமே பதின்மூணு பேரும் வீட்ட போகணும்" என்றான் சாமித்தம்பி. "அப்ப வாற வருஷம் கேக்கிறதுக்கு இஞ்ச ஆரு இருப்பாங்க கண்டு காக்கா?"

"லிஸ்டுல உன்ட பேர் முதலாவது. போக ஆசை போல இரிக்கி உனக்கு."

"ஆசையா? ரத்மலானையில எனக்கென்ன மாமியாரா இருக்கா, மீன் பொரிச்சு வெச்சுப் பாத்துக்கொண்டு நிக்க?"

சிரிப்பு அடங்குமுன்னே சீனிமுகம்மது எழும்பினான். சங்கத்தின் செயலாளர் அவன்தான். பேசுவதற்கு ஆயத்தமில்லாமல் எழும்பிவிட்டோம் என்று எழும்பிய பிறகு உணர்ந்தான்.

"சம்பளத்த விடுங்க. குறைச்சாக் குறையட்டும், ஒரு கறியக் குறைச்சுக்கலாம். நான் மற்றதப் பத்திக் கதைக்கிறன். நம்மட பக்கத்தில ஆம்புளதான் பொம்புளட வீட்டுக்குப் போறது. அவ தாய் வீட்ட விட்டு வெளிய வாறதில்ல. உங்கட ஆக்களுக்கும் அதுதான், எங்கட ஆக்களுக்கும் அதுதான். போற அஞ்சு பேரும் மாசத்துக்கு ஒருக்கா ரயில் கோச்சியில வந்து, புள்ளயட முகத்தப் பாத்துப்போட்டுத் திரும்பிப் போகணும். அதுக்குப் பேர் குடும்பமா?"

தகரக் கூரையில் ஒரு காகம் நடக்கிற சத்தம் கேட்டது.

"நீ வீட்ட கேட்டயா?" என்றான் சாமித்தம்பி.

"எத?"

"மனிசியக் கேட்டயா எண்டு கேட்டன். வாறயா எண்டு."

"கேக்கிறதுக்கு என்ன இரிக்கி? தெரிஞ்ச விஷயம்தானே."

"நான் கேட்டன். கேட்டதுக்கு ரெண்டு நாள் எனக்குச் சோறு கிடைக்கல்ல. ஆனாக் கேட்டன்."

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. சீனிமுகம்மதுவுக்கு மட்டும் சிரிக்க வரவில்லை.

செபரட்ணம் கண்ணாடியைக் கழற்றினார். "சீனி, உனக்கு ஞாபகம் இருக்கோ? இந்த மாற்றத்தப் பத்தி முதல் பேச்சு வந்த நேரம் கம்பனி ஒரு கேள்வி கேட்டு எழுதினது. குடும்பத்தோட வாறாக்களுக்கு ரத்மலானையில கம்பனி லைன்ல வீடு வேணுமோ எண்டு. நீ பதிலத் தமிழில எழுதித் தந்தாய். நான் இங்கிலீசில போட்டன்."

"ஓம். தேவையில்ல எண்டு எழுதினன். எல்லாரையும் வெச்சுத்தானே எழுதினன்? ஆரும் மறுத்துக் கதைக்கல்ல."

"நான் குற்றம் சொல்லல்ல. நானும் அதுக்குத் தலையாட்டினவன்தான். அந்த வரிய வெட்டிப்போட்டாங்கள் எண்டு சொல்லவந்தன். இப்ப கடிதத்தில வீட்டுப் பேச்சே இல்ல."

அதற்குப்பிறகு சீட்டு எடுத்தார்கள். பெட்டிகளில் கட்டும் சீட்டுதான் அவர்களுக்கு வாக்குச் சீட்டு. வெள்ளைச் சீட்டு ரத்மலானைக்குப் போகிற பெட்டிக்குக் கட்டுவது. சிவப்புச் சீட்டு அம்பாறையில் இறக்குகிற பெட்டிக்குக் கட்டுவது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் இல்லை. ஒவ்வொருவராகத் தபால் பைக்குள் கையை விட்டார்கள். செயலாளர் கடைசியில் போடவேண்டும் என்பது விதி.

செபரட்ணம் பையை மேசையில் கவிழ்த்து, இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தார். பிரித்து முடித்ததும் இன்னொரு முறை பிரித்தார்.

வெள்ளை ஆறு. சிவப்பு ஆறு.

பன்னிரண்டு தலைகளும் சீனிமுகம்மதுவின் பக்கம் திரும்பின.

காலையில் கேட்டிருந்தால் அவன் யோசிக்காமல் சிவப்பைப் போட்டிருப்பான். மாமா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றதும், சாமித்தம்பி கேட்ட கேள்வியும் அவனை என்னவோ செய்திருந்தன. அதற்கு மேல் தங்கராசா வாயைத் திறந்தான். ஏணி தள்ளுகிற தங்கராசா கூட்டங்களில் பேசியதேயில்லை.

"நான் வெள்ளை போட்டன். ஒளிக்கல்ல. என்ட பேர் லிஸ்டுல இல்ல. போறது நீங்க, இருக்கிறது நான். வெக்கமாத்தான் இருக்கு. எனக்கு அஞ்சு புள்ளையள். கடலும் தெரியா, வயலும் தெரியா, இந்த ஏணி மட்டும்தான் தெரியும்."

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டான். அவனைக் கடிந்துகொள்ள உதுமாங்கண்டுவுக்குக்கூட மனம் வரவில்லை.

சீனிமுகம்மது மிச்சமிருந்த சீட்டுகளிலிருந்து ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் எடுத்தான். இரண்டையும் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"ஆறு மணிக்குத்தானே தந்தி? அதுக்கு முந்திச் சொல்லுறன்."

"இது என்ன புது வழக்கம்?" என்று முகம் சிவந்தார் உதுமாங்கண்டு. "இஞ்சையே போடு. அவனவன் போட்டுட்டான்தானே?"

"விடு கண்டு" என்றார் செபரட்ணம். "நேரம் இருக்கு. அவன்ட பேரும் கிடக்கு அதில."

*

லொறி கல்முனைச் சந்தியில் நின்றபோது மணி இரண்டு. சாமித்தம்பியும் அவனோடு இறங்கினான்.

"அஞ்சே முக்காலுக்குத் தபாற்கந்தோர் வாசல்ல நிப்பன். தலைவரும் வருவார். எந்தச் சீட்டெண்டாலும் கொண்டு வா. கொண்டு வராம மட்டும் இருந்திராத."

"உன்ட மனிசி வாறன் எண்டாவா?" என்று கேட்டான் சீனிமுகம்மது.

சாமித்தம்பி சாரனை உயர்த்திக் கட்டிக்கொண்டான். "இல்லையெண்டுதான் சொன்னா. ஆனா மூணாம் நாள் சோறு போடக்குள்ள, அங்க கோயில் இருக்கா எண்டு கேட்டா."

சொல்லிவிட்டு நடந்துவிட்டான்.

பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனபோது வாசலிலேயே இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நல்ல முடிவு எடுத்தீங்க தம்பி."

"எந்த முடிவு?"

"மரைக்கார் சொன்னாரு. கம்பனிக்காரன்ட முகத்துக்கு நேர இல்லையெண்டு சொல்லிப்போட்டீங்களாம்."

இன்னும் சொல்லவில்லை என்று சொல்லாமலே கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனான். தொழுதான். எத்தனை ரக்கஅத் தொழுதோம் என்று இடையில் சந்தேகம் வந்தது. வெளியே வந்து கடற்கரைப் பக்கமாக நடந்தான். மாரி முடிகிற காலம். அலை இன்னும் சேறு கலந்த நிறத்தில் இருந்தது. தோணிகளைக் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். சட்டைப் பைக்குள் இரண்டு சீட்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

வெள்ளை போட்டால் எட்டுப் பேருக்கு இந்தத் திடலிலேயே வேலை இருக்கும். அவன் மகளை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பான். மாமாவின் சொல் பள்ளியில் பொய்யாகும். சிவப்புப் போட்டால் அவன் வீட்டிலேயே இருப்பான். தங்கராசாவின் ஐந்து பிள்ளைகளையும் சந்தியில் காணும்போதெல்லாம் வேறு பக்கம் பார்க்கவேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது ஐந்து மணி.

வீடு றாஹிலாவின் பெயரில் இருந்தது. கலியாணத்துக்கு முந்தியே கச்சிமுகம்மது எழுதிக் கொடுத்துவிட்டார். மாமாவும் மாமியும் தங்களுக்கென்று பின்வளவில் ஒரு சின்ன வீடு போடுவதாகத்தான் பேச்சு. அதற்கு நாட்டிய கால்கள் நாலு வருஷமாக அப்படியே நிற்கின்றன. ஆகவே வீடு மகளுடையது, அடுப்பு உம்மாவுடையது.

குசினி வாசலைக் கடக்கும்போது சீனிமுகம்மது உள்ளே பார்த்தான். றாஹிலா அகப்பையால் சொதியைத் துழாவிக்கொண்டிருந்தாள். மாமி வந்து, ஒன்றும் சொல்லாமல், அந்த அகப்பையை அவள் கையிலிருந்து வாங்கித் தானே துழாவினார். கோபத்தோடு வாங்கவில்லை. தன் கையில் இருக்கவேண்டிய ஒன்று வேறெங்கோ இருந்ததை எடுத்துக்கொள்வதுபோல் வாங்கினார். றாஹிலா ஒதுங்கி நின்றாள். நாலு வருஷமாக அவன் இதை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கவேண்டும். ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

"மருமகன் வந்துட்டாரு. தேயில கொண்டு குடு மகள்" என்றார் மாமி. "சீனி நான் போட்டுட்டன்."

*

தேநீரை மேசையில் வைத்துவிட்டு றாஹிலா போகவில்லை. கதவைப் பாதி சாத்தினாள். மகள் கட்டிலில் நித்திரை.

சோற்றுப் பொட்டலம் மேசையில் கிடந்தது. அவள் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"இண்டைக்கும் அவிழ்க்கல்ல."

"பசிக்கல்ல புள்ள."

அவள் பெட்டகத்தைத் திறந்து, தன்னுடைய சீலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தாள். நீல மட்டை. சங்கத்தின் கொப்பி. முதல் பேச்சுக்காலத்தில் கம்பனிக்கு எழுதியவற்றையெல்லாம் அவன் அதில்தான் முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பான். மூன்று கிழமையாக அதைக் காணாமல், திடலில் எங்கேயோ விட்டுவிட்டதாக நினைத்திருந்தான்.

"இது உங்கட எழுத்துத்தானே?"

"ஓம். உனக்கு எப்பிடிக் கிடைச்சிச்சி?"

"கூரை ஒழுகின அண்டைக்கு மேசைய நகர்த்தக்குள்ள விழுந்துது."

"வாசிச்சயா?"

"அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சவள் நான். உங்கட எழுத்து அவ்வளவு கஷ்டமில்ல."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். தேடவேண்டியிருக்கவில்லை. விரல் தானாகவே அந்த இடத்துக்குப் போனது. மெதுவாக, எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள்.

"'எமது பகுதிப் பெண்கள் தாய் வீட்டை விட்டு வெளியூரில் சென்று வாழ்பவர்கள் அல்லர். ஆகவே குடும்பத்தோடு தங்குவதற்கு வீடு தேவையில்லை.'"

சீனிமுகம்மதுவுக்குத் தன்னுடைய வரியே வேறு யாரோ எழுதியதுபோல் கேட்டது.

"அதில என்ன பிழை? உள்ளதத்தானே எழுதினன்."

"ஆருக்கிட்டக் கேட்டு எழுதினீங்க?"

"ஆருக்கிட்டக் கேக்க? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

"எல்லாரும் எண்டா ஆரு? பதின்மூணு ஆம்புளயள்."

அவன் தேநீரை எடுத்தான், குடிக்காமல் வைத்தான். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு இரண்டு சீட்டையும் எடுத்து மேசையில் போட்டான்.

"இதப் பாரு. ஆறும் ஆறும் சமனாப் போயிட்டு. என்ட சீட்டுத்தான் மிச்சம். ஆறு மணிக்கு முந்தித் தந்தி போகணும். இண்டைக்கு என்னோட சண்டை பிடிக்காத புள்ள."

"நான் சண்டை பிடிக்கல்ல." அவள் சீட்டுகளைப் பார்த்தாள். "எது எது?"

"வெள்ளை எண்டா ஓம். நான் போகணும். சிவப்பு எண்டா இல்ல. போகாம இருக்கலாம். வேலையும் இருக்காது, மத்தவங்களுக்கும் இருக்காது."

"வெள்ளை போட்டா நீங்க அங்க, நான் இஞ்ச. சிவப்புப் போட்டா ரெண்டு பேரும் இஞ்ச. அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான்."

"மூணாவது சீட்டு இல்லயா?"

"மூணாவது எது?"

"ஒண்டு இருந்திச்சி. நீங்கதான் தேவையில்ல எண்டு எழுதிப்போட்டீங்க."

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். அழுகிறாளோ என்று பார்த்தான். அழவில்லை. நெற்றியில் மட்டும் அடுப்புக் கரி ஒரு கோடாகப் பட்டிருந்தது.

"மூணு கிழமையா வெச்சிருந்தயே. அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"என்னெண்டு சொல்ல? உம்மா பக்கத்தில. வாப்பா படலையில. ராவையில புள்ள அழும், நீங்க அசந்து போய்க் கிடப்பீங்க. சொல்லத் தொடங்கக்குள்ள எல்லாம் ஆராவது கூப்பிடுவாங்க."

அதைச் சொல்லி முடிக்கவில்லை, குசினியிலிருந்து குரல் வந்தது.

"மகள், சட்டிய இறக்கணும். வா."

றாஹிலாவின் கால் ஓரடி நகர்ந்தது. பழக்கம். பிறகு நின்றது.

"நீங்க இறக்குங்க உம்மா" என்றாள்.

குசினியில் சட்டியை நிலத்தில் வைக்கும் சத்தம் கேட்டது.

"உம்மாவில எனக்குக் கோபமில்ல" என்றாள் றாஹிலா. "அவட அடுப்பு அது. என்னை வளர்த்த அடுப்பு. ஆனா நாலு வருஷத்தில, இண்டைக்கு என்ன கறி எண்டு ஒரு நாளாவது நான் சொல்லியிருக்கனா? உங்களுக்குப் புளி கூடினாப் புடிக்காது. எனக்குத் தெரியும். ஒரு நாளாவது குறைச்சுப் போட்டிருக்கனா? என்ட புள்ளைக்கு எப்ப சோறு தீத்தணும் எண்டு நான் உம்மாவக் கேட்டுக்கொண்டு நிக்கன்."

வெளியே படலை திறந்து சாத்தும் சத்தம். மாமாவின் செருப்புச் சத்தம் முற்றத்தைக் கடந்து வந்தது.

"மருமகன் உள்ளயா? பள்ளியில எல்லாருக்கும் பெரிய சந்தோஷம். தந்தி அடிச்சாச்சா?"

சீனிமுகம்மது நிமிர்ந்து பார்த்தான். சுவர் மணிக்கூடு ஐந்து இருபத்தைந்தைக் காட்டியது. தபாற்கந்தோருக்கு நடக்கப் பத்து நிமிஷம் வேண்டும். அங்கே செபரட்ணம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். சாமித்தம்பி சாரனை உயர்த்திக் கட்டிக்கொண்டு நிற்பான்.

அவனுக்கு வாழை நார் முடிச்சு ஞாபகம் வந்தது. கிணறு ஞாபகம் வந்தது.

"றாஹிலா, கலியாணம் முடிஞ்ச புதுசில ஒரு நாள், ஒண்டு கேக்கணும் எண்டாயே."

"ஓம்."

"பொறகு கேக்கன் எண்டாய்."

"கேக்கல்ல."

"இப்பக் கேளு."

பாதி சாத்திய கதவின் கீழே நிழல் விழுந்தது. கச்சிமுகம்மது மரைக்காயர் வாசலில் வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கையில் அகப்பையோடு மாமியும் நின்றார். றாஹிலா இருவரையும் கண்டாள். சீலைத் தலைப்பை இழுத்து முக்காட்டைச் சரிசெய்தாள். வேறொரு நாளென்றால் அதோடு குரலும் உள்ளே போயிருக்கும்.

அவள் இரண்டு சீட்டையும் எடுத்து, அவனுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"என்னயும் புள்ளயையும் கூட்டிக்கொண்டு போங்க மச்சான். ஒராள் நிக்கிற குசினி எனக்குப் போதும்."